முதுகைக் காட்டிய நாடகம்

2006இல் புதுச்சேரியில் நாடகம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். சொந்தமாக ஒரு நாடகம் இயக்கிக் காட்டினால்தான் பட்டம். ராஜா கதை ஒன்றைப் போடுகிறேன் என்றேன். ஆசிரியர் விடவில்லை. "மரக்காணத்துல பொறந்துட்டு உனக்கு எதுக்குடா ராஜா? உப்பளத்தைப் போடு. உங்க ஊர்லயே போடு, நான் வந்து பாக்குறேன்."

உப்பளத்திலிருந்து தப்பிக்கத்தான் நான் நாடகம் படிக்கப் போனேன். அது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் விட்டிருக்க மாட்டார்.

அம்மாவையும் அவளோடு உப்பு சுமக்கும் மூன்று பெண்களையும் நடிக்கவைத்தேன். கூடையோடு மெதுவாக நடங்கள், வலி முகத்தில் தெரியட்டும் என்றேன். வகுப்பில் அப்படித்தான் கற்றிருந்தேன். ஒருத்தி சிரித்தாள்.

"ஏம்பா, இப்படி ஊர்வலம் போனா உப்புத்தண்ணி கழுத்துல ஊத்தும். நாங்க ஓடுவோம்பா."

சரி, ஓடுங்கள் என்றேன். அது நன்றாக வந்தது.

நாடகத்தன்று எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்துக்கு நாலு பேரும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து வந்து நின்றார்கள். புடவைக்கு மேல் மாட்டும் ஆம்பளைச் சட்டையைத்தான் நான் போடச் சொல்லியிருந்தேன். வேலை முடிந்ததும் அதை வரப்பிலேயே கழற்றிக் கூடைக்குள் சுருட்டிவிடுவார்கள். போட்டுக்கொண்டு ஊருக்குள் வரவே மாட்டார்கள். எனக்கு இது தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான்.

"ஊரே பாக்கசொல்ல இத்த மாட்டிக்கினு நிக்கணுமாடா?" என்றாள் அம்மா.

ஆசிரியர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"போட்டுக்கம்மா. இல்லன்னா என் படிப்பே போயிடும்" என்று கத்தினேன்.

போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் போட்டார்கள். மேடையேறியதும் அம்மா ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். மற்ற மூவரும் திரும்பினார்கள். நாடகம் முடியும்வரை ஒரு முகம்கூடத் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்று, "திரும்புங்க, திரும்புங்க" என்று பல்லைக் கடித்தேன். யாரும் திரும்பவில்லை. பட்டம் போச்சு என்று நினைத்தேன்.

ஆசிரியர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "முகத்தையே குடுக்கலையேடா நீ! இன்னா துணிச்சல்!"

"தேங்க்ஸ் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அம்மா மேடைக்குப் பின்னால் சட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"பாஸாயிட்டியா?"

"பாஸ்மா."

"அப்ப சரி." என்னைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அதன்பிறகு நாடகம் போட எங்கே கூப்பிட்டாலும் அந்த முதுகைத்தான் கேட்கிறார்கள். முகம் தெரிகிற மாதிரி ஒன்று போட்டேன். உங்கள் பாணி இதில்லையே என்றார்கள். பாணியாம். நானும் ஒவ்வொரு ஒத்திகையிலும் நடிகர்களைத் திருப்பி நிறுத்துகிறேன். ஏன் என்று கேட்கும் நடிகர்களுக்கு ஏதோ ஒரு விளக்கம் சொல்கிறேன்.