டீச்சர் வீட்டு வெள்ளைச் சுவர்

இங்கே தஞ்சாவூரில், பக்கத்து வீட்டில் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றினார்கள். அந்தச் சூடான ஈர வாசனை மூக்கில் ஏறியதும் நான் தரங்கம்பாடிக்குப் போய்விட்டேன், கோட்டைக்கு வடக்கே கடலைப் பார்த்து நின்ற எங்கள் வீட்டுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கொல்லையில் பானை கொதகொதவென்று கொதிக்க, அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈஸ்டருக்குள் உப்புக்காற்று எல்லாவற்றையும் உரித்துவிடும் என்று தெரிந்தும், கடல் பக்கச் சுவருக்கு மட்டும் இரண்டு முறை வெள்ளையடிப்பார்.

ஒரு வருஷம், பள்ளிக்கூட டீச்சரான அம்மா ஆசைப்பட்டு அந்தச் சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடிக்கச் சொன்னாள். அப்பாவும் அடித்தார். மறுநாள் காலையில் கடலுக்குப் போய்த் திரும்பிய சிங்காரம் அண்ணன் நனைந்த கைலியோடு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், ஒங்க வெள்ளச் சுவரப் பாத்துதான் நாங்க கரைக்கு வருவோம். இன்னைக்கு அதத் தேடித் தேடி ரொம்ப தூரம் தள்ளிப் போயிட்டோம்."

சாயங்காலத்துக்குள் சுவர் வெள்ளையாகிவிட்டது. மிச்சமிருந்த மஞ்சள் சமையலறைக்குப் போனது.

அந்த வீட்டைக் கடல் எடுத்துக்கொண்டு வெகுகாலமாயிற்று. போன மாதம் ஊரில் சிங்காரம் அண்ணனின் மகனைப் பார்த்தேன். இப்போதெல்லாம் ஜிபிஎஸ் பார்த்துத்தான் வருகிறார்களாம். கரையேறும் இடத்துக்கு அதில் என்ன பெயர் போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

டீச்சர் வீடு.