கடுக்காய்த் தொட்டியில் கிடந்த தோலுக்கு ஹேவா, ஹேடா

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் இங்கிலீஷ் கடிதம் எழுத என்னை வைத்துப் பார்த்தார்கள். நோன்புப் பெருநாள் வரைக்கும் சோதனை. சரியாக எழுதினால் வேலை எனக்கு. முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

"உனக்கு முன்னாடி இருந்தவன் எழுதினது மதராஸ் கம்பெனிக்காரனுக்குப் புரியலப்பா. நீயும் பேஜார் பண்ணா அன்னிக்கே கிளம்பிடு."

எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய ஆள் அதுவரை கிடையாது. அப்பா தோலில் மயிர் கழல ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று விரல் வெந்துபோனவர். அதனால் அந்த நாற்காலி எனக்கு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்ப வேண்டும்.

மழைக்காலம். மதராஸில் எங்கள் தோலை வாங்கிக் கப்பலேற்றும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு கடிதம் போட்டிருந்தது. கையில் இருக்கும் ஆட்டுத்தோல் பதனிட்டு முடிந்ததா, உடனே பதில் எழுது என்று. ஒரு வரி பதில். அந்த ஒரு வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 'வி ஹேவ் டேன்ட்' என்பதா, 'வி ஹேட் டேன்ட்' என்பதா?

பள்ளிக்கூடத்தில் இதற்கு ஒரே ஒரு உதாரணம்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் ரயில் போய்விட்டிருந்தது. இதற்கு ஹேட். நடந்துபோன ஒரு காரியத்துக்கும் முந்திப் போன காரியம் என்றால் ஹேட். முடிந்த வேலையின் பலன் இன்றைக்கும் கையில் நிற்கிறதென்றால் ஹேவ். இதை மனப்பாடம் செய்து பரீட்சையில் தேறினேன். தோலுக்கு இதை எப்படி வைப்பது என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு!

கம்பெனி கேட்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, அப்படியானால் ஹேட். தோல் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது, அப்படியானால் ஹேவ். சரி, முதலில் முடிந்ததா என்று பார்ப்போம் என்று எழுந்து தொட்டிப் பக்கம் போனேன். அங்கே மேஸ்திரி பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, இந்த ஆட்டுத்தோல் ஆச்சா?"

"ஆச்சு."

"தண்ணியிலதானே கெடக்குது?"

"பரவால்ல, கண்ணு நல்லாத் தெரியுது உனக்கு. ஆவாரம்பட்டைத் தண்ணியில ஊறி முடிஞ்சி, கடைசியா கடுக்காய்த் தண்ணியில வுட்டாச்சி. அதுக்குப் பேரு ஆச்சு."

மேலே தோல் உலர்த்துகிற கொட்டகைக்குப் போய், அங்கிருந்த ஆளிடம் அதையே கேட்டேன். அவன் சிரித்தான்.

"இன்னா ஆச்சு? என் கைக்கு வந்து, எண்ணெ தடவி, நெழல்ல காஞ்சாத்தான் ஆச்சு. இந்த மழையில என்னிக்குக் காயுறது? போப்பா, தொரை கணக்கா வந்து கேக்கிறான்."

முதலாளியிடம் போனேன். அவர் தலையைத் தூக்காமலே, "ஆச்சுன்னு எழுதேன்பா, அதுல இன்னா யோசனை" என்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முடிந்த வேலைக்கு இரண்டு விதமாக எழுதலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள், வேலை முடிந்ததா இல்லையா என்பதிலேயே ஆளுக்கு ஒன்று சொன்னால் என்ன எழுதுவது என்று சொல்லவில்லை. ஹேவ் என்று எழுதி அடித்தேன். ஹேட் என்று எழுதி அடித்தேன். தோல் தொட்டியில் மிதக்கிறது. நான் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். எரிச்சலில் இரண்டையும் விட்டேன். பதனிட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

கம்பெனியின் பதில் சீக்கிரமே வந்தது. உங்கள் தோல் இன்னும் சுண்ணாம்பிலிருந்தே ஏறவில்லை என்று தெரிகிறது, இந்தக் கப்பலுக்கு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டோம் என்று இருந்தது. சுண்ணாம்பைப் பற்றி நான் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. முதலாளிக்குப் படித்துச் சொன்னேன்.

"நீ இன்னாதான் எழுதின?"

"பதனிட்டுக்கிட்டு இருக்கோம்னு எழுதினேன். அதானே நெஜம், முதலாளி?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"கடுக்காய்ல வுட்டா ஆச்சுன்னு எழுதறது ஊரு வழக்கம். காயிதம் போயி, அவன் ஆளு ரயிலேறி வர்றதுக்குள்ள தோலு காஞ்சிடும். அவனுக்கும் இது தெரியும். எல்லாரும் ஆச்சு ஆச்சுன்னு எழுதறப்ப நீ மட்டும் ஆவுது ஆவுதுன்னு எழுதினா, அவன் இன்னா நெனப்பான்? இன்னும் மயிரே எடுக்கலன்னு நெனப்பான். வாணியம்பாடிக்காரன் நமக்கு அப்புறம் கடுக்காய்ல வுட்டவன். ஆச்சுன்னு எழுதினான், ஆர்டர எடுத்துக்கினு போய்ட்டான்."

அதாவது, உள்ளதை உள்ளபடி எழுதினேன். படித்தவன் அதில் ஒரு பொய்யைப் படித்தான். இல்லாததை எழுதியிருந்தால் உண்மையைப் படித்திருப்பான். இது எந்த இலக்கணத்தில் வருகிறது?

பெருநாளன்று முதலாளி வீட்டிலிருந்து எல்லோருக்கும் போல எனக்கும் பிரியாணி வந்தது. வேலையைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் போனால் என் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அவன் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தேன். எல்லா வரியிலும் ஹேட். வந்தது ஹேட், இருக்கிறது ஹேட், அனுப்பப்போவதுகூட ஹேட்.

முதலாளியிடம் நேராகவே கேட்டேன்: "என் இங்கிலீஷ்ல இன்னா தப்பு? அத சொல்லுங்க."

"இங்கிலீஷ் எனக்கு இன்னாப்பா தெரியும்? சரக்கு நின்னு போச்சு, அது தெரியும்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்து, "ஆவாரம்பட்டை இடிக்கிற எடத்துல ஆளு கம்மி. இஷ்டம்னா போய் நில்லு" என்றார்.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பட்டைக் கொட்டகைக்குப் போனேன்.