மருதாயி வீட்டு நாலாஞ்சுவர்

ஆட்டுப்பாறை மலையில் ஏறுகிற வழியில் இருந்தது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுக்குச் சுவர் மூன்று. நாலாவது சுவர் மலையேதான். சமஸ்தானத்துக் காலத்தில் மலைக் காவல்காரனுக்கென்று அதைக் கட்டிய கொத்தனார், பின்பக்கம் பெரிய பாறை ஒன்று சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறார். ஒரு சுவர் வேலை மிச்சம் என்று அதன் மேலேயே ஓட்டுக் கூரையைச் சாய்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மிச்சம் பிடித்தவர் அவர். அனுபவித்தவள் மருதாயி.

மருதாயி பிறந்தது வல்லத்திராக்கோட்டையில், பதினாலு பேர் படுத்தெழும்பும் வீட்டில். அடுத்தவர் கால் எங்கே முடிகிறதோ அங்கே இவள் தலை ஆரம்பிக்கும். கல்யாணமாகி மலைக்கு வந்த அன்றைக்கு அவள் பாறையைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள்.

வெளியே நின்ற மாப்பிள்ளை, காவல்காரன் உடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏ புள்ள, உள்ள பாம்பு கீம்பு கெடக்கா?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அந்தத் தாழ்ப்பாளுக்காகவே பதினெட்டு வருஷம் சுனையிலிருந்து மேட்டில் தண்ணீர் சுமந்தாள். ரெண்டு பெண்களையும் அங்கிருந்தே கட்டிக் கொடுத்தாள். சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தது. உடையப்பனுக்குச் சம்பளம் கொடுக்கிற கை மாறியது. வீடு மாறவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மார்கழியில், கீரனூர் ஆபீசுக்குப் போய்த் திரும்பிய உடையப்பன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

"நான் என்ன சொல்றேன்னா," என்று ஆரம்பித்தான். அவன் தும்மினால்கூட முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் தும்முவான். "தை கடைசியில ஓவர்சியர் அய்யா வாராராம். வீடு குடியிருக்க லாயக்கா இருந்தா இருக்கலாம். இல்லேன்னா ஓட்டப் பிரிச்சு ஏலம் விட்டுட்டு, நம்மள ஊருக்குள்ள இருந்துக்கிட்டே மலைக்கு வந்து போகச் சொல்லுவாகளாம்."

ஊருக்குள் என்றால் உடையப்பனின் அண்ணன் வீடு. அங்கே ஏற்கெனவே பதினொரு பேர். மருதாயி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பதிமூன்று. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சுண்ணாம்பு வாங்கிட்டு வாங்க," என்றாள்.

ஓடு மாற்றினார்கள். தரையைச் சாணி போட்டு மெழுகினார்கள். மூன்று சுவரையும் சுரண்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டுத் தாளித்து, கஞ்சித் தண்ணீரும் துளி நீலமும் கலந்து, நுனி நசுக்கிய பனை மட்டையால் ரெண்டு கை அடித்தார்கள். அடித்து முடித்த சாயங்காலம் மருதாயிக்குத் தன் வீடே கண் கூசியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நான் என்ன சொல்றேன்னா, மூணு பக்கம் வெள்ளையா இருக்கையில பாற மட்டும் கருப்பா நின்னா, பல்லு விழுந்த வாயி மாதிரி இருக்கு."

"அது பாறைங்க. பாற அப்படித்தான் இருக்கும்."

"ஓவர்சியர் கேப்பாரு."

ஓவர்சியர் என்றதும் அவள் சுண்ணாம்புச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். பாறைக்கும் வெள்ளை அடித்தான். ஐப்பசி மழைத் தண்ணீர் பாறை வெடிப்பில் தைவரைக்கும் கசியும். மறுநாள் காலையில் பார்த்தால் வெள்ளைப் பாறையில் மேலிருந்து கீழே செம்பழுப்பாக ஏழெட்டுக் கோடு. கெடா வெட்டின இடம் மாதிரி இருந்தது. மறுபடி அடித்தான். மறுபடி ஒழுகியது. ஒரு மூட்டை சுண்ணாம்பைப் பாறை குடித்துவிட்டு, இன்னும் கொண்டா என்பதுபோல் நின்றது.

அன்றைக்கு மருதாயி சுள்ளி பொறுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்து கதவைத் திறந்தவள் தலையிலிருந்த கட்டை இறக்கவில்லை.

பாறை முழுக்க வெள்ளை, காவி, வெள்ளை, காவி என்று பட்டை பட்டையாக நின்றது. கோடு ஒழுகிய இடமெல்லாம் காவிப் பட்டைக்குள் மறைந்துவிட்டது. உடையப்பன் கையில் காவிச் சட்டியோடு, பரிட்சையில் பாஸ் பண்ணியவன் முகத்தோடு நின்றான்.

"கோணலா ஒழுகினாத்தான் புள்ள கற. நேரா இழுத்துட்டா அலங்காரம்."

"இது வீடா, கோயில் மதிலா?"

"நான் என்ன சொல்றேன்னா..."

"ஒண்ணுஞ் சொல்ல வேணாம்."

கதவு திறந்தே கிடந்தது. ஊரிலிருந்து அவளோடு சுள்ளி பொறுக்க வந்திருந்த மூக்காயி, கட்டோடு பின்னால் வந்து வாசலுக்கு நேரே நின்றாள். மூக்காயிக்கு ஒரு வாக்கியத்தை ஒரு மூச்சில் முடிக்க வராது. மேடு ஏறினாலும் இறங்கினாலும் அவள் பேச்சுக்கு மூச்சு வாங்கும்.

"ஏத்தா... மருதாயி. இத்தன நாளா... எங்க கண்ணுக்கு... காட்டாம... மறச்சு வச்சிருந்தியே." கட்டைக் கீழே போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏக்கா, அது பாற. இவுகதான் வேலையத்துப் போயி அடிச்சு வச்சிருக்காக."

"அவுக கையி... அடிச்சிருக்கும். அடிக்கச் சொன்னது... யாரு?"

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இருபது பேர். வந்தவர்கள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாலாவது பரவாயில்லை. சாமி உள்ளே இருந்தால் உள்ளேதானே வர வேண்டும். அடுப்புக்கும் பாறைக்கும் நடுவில் மூன்று முழ இடம். அங்கே தேங்காய் உடைத்தார்கள். சூடம் கொளுத்தினார்கள். புதுச் சுண்ணாம்பின் மேல் புகை கருப்பாக ஏறியது. மருதாயி சோறு வடிக்கும்போது தோளுக்கு மேல் ஒரு கை நீண்டு, "கொஞ்சம் நவுருத்தா, துன்னூறு எடுத்துக்கிறேன்," என்றது. துன்னூறு என்று அந்தக் கை அள்ளியது அவள் அடுப்புச் சாம்பலை.

பெரியண்ணன் வந்தார். உடையப்பனின் அண்ணன் இல்லை, பேரே அதுதான்; ஊரில் பெரிய மனுஷர். ஒரு மூக்கில் எப்போதும் பொடி அடைத்திருப்பதால் அவர் பேச்சு முழுக்க மறு மூக்கு வழியாகத்தான் வரும். பாறையை மேலும் கீழும் பார்த்தார்.

"ம்ம்... முருகன். மலைன்னா முருகன்தான் தாயி. இனிமே இங்கிட்டுக் கவுச்சி ஆக்கக் கூடாது."

மருதாயிக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. சந்தைக்கு ஆளனுப்பி மணமேல்குடிக் கருவாடு வாங்கினாள். மறுநாள் கூட்டம் வருகிற நேரம் பார்த்துப் பாறைக்கு முன்னாலேயே சட்டியை வைத்து வறுத்தாள். நாற்றம் மலை உச்சிவரை போயிருக்கும். பெரியண்ணன் பாதி வழியிலேயே துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார். மருதாயி சிரித்தபடி கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

சாயங்காலம் மூக்காயி வந்தாள். கையில் சுருட்டு ஒரு கட்டு.

"நாந்தான்... அன்னைக்கே நெனச்சேன். முருகனா இருந்தா... கருவாட்டுக்கு... எடங் குடுப்பாரா? நம்ம கருப்பர்... ஆத்தா. கருப்பரேதான்." சுருட்டைப் பாறையடியில் வைத்துவிட்டு, சட்டியிலிருந்து ஒரு கருவாட்டைப் பிரசாதமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மருதாயி அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உடையப்பனோ வந்தவர்களுக்கு, எந்தப் பட்டையை முதலில் இழுத்தான், அப்போது கை எப்படித் தானாகப் போயிற்று என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுகிற மாதிரி பெரியண்ணன் தூரத்தில் நின்று சொன்னார்: "ம்ம்... கருப்பரோ முருகனோ, ஓவர்சியர் வரட்டும். இது கோயிலுன்னு எழுதிக்கிடச் சொல்லுவோம். கோயிலுக்குள்ள ஆம்பள பொம்பள குடித்தனம் பண்ணலாமா?"

"நான் என்ன..." என்று ஆரம்பித்த உடையப்பன் மனைவியைப் பார்த்தான். ஓவர்சியர் வர நாலு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் பெண்கள் வந்தபோது மருதாயி இடுப்பில் கை வைத்து வாசலை மறித்து நின்றாள். இதுவரை இல்லாத பக்தி அவள் முகத்தில் இருந்தது.

"ஏக்கா மூக்காயி, ஒரு கேள்வி கேக்குறேன், சொல்லு. இருபது நாளாக் கும்புடுறீங்க. அது வேணும் இது வேணும்னு கேக்குறீங்க. சாமி தலையில ஒரு கொடம் தண்ணி ஊத்தணும்னு ஒங்கள்ல ஒருத்திக்காச்சும் தோணுச்சா? பொகையும் எண்ணெயுமா நிக்கிறாரு. நம்ம வீட்டுப் பிள்ளைன்னா இப்படி விடுவமா?"

மூக்காயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் சுனையிலிருந்து வரிசையாகக் குடம் ஏறியது. பதினெட்டு வருஷத்தில் மருதாயி ஒரு குடத்துக்குக்கூட ஆள் துணை கண்டதில்லை. அன்றைக்கு முப்பத்தொரு குடம். அவள் தேங்காய் நாரையும் செங்கல் பொடியையும் எடுத்துக்கொண்டு, பாறையடியில் உரலைப் போட்டு அதன்மேல் ஏறினாள்.

"ஊத்துங்க. நல்லா ஊத்துங்க. சும்மா ஊத்துனா எண்ணெப் பிசுக்குப் போகுமா, தேய்ச்சு விடணும்ல."

தேய்த்தாள். காவி கரைந்து வாசல் வழியாக ஓடியது. பின்னாலேயே வெள்ளை ஓடியது. பாறையோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "நீங்க யாரா இருந்தாலும் மன்னிச்சுக்கங்க சாமி. ஒங்களுக்கு மலை முழுக்கக் கெடக்கு. எனக்கு இந்த ஒரு அறைதான்."

கடைசிக் குடம் ஊற்றியபோது பாறை பதினெட்டு வருஷமாக நின்றதுபோலவே கருப்பாக நின்றது.

மூக்காயி வாயைப் பிளந்தாள். "பட்டை... எங்கத்தா?"

"குளிச்ச சாமி ஈரத்தோட இங்கயே நிப்பாரா? உச்சிக்குப் போயிட்டாரு. அங்கிட்டுக் காத்தாட, விஸ்தாரமா இருக்குல்ல. நீங்க சூடத்த எடுத்துக்கிட்டு மேல போங்க."

மூக்காயி உச்சியை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்குள் மூன்று முழ இடத்தில் நெரிபட்டது அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். சுருட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி மேலே ஏறினாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள்.

புகை ஏறிய மூன்று சுவருக்கும் உடையப்பன் பேசாமல் இன்னொரு கை வெள்ளை அடித்தான். நாலாம் நாள் ஓவர்சியர் ஆத்மநாதன் குடையை ஊன்றி ஏறி வந்தார். பின்னாலேயே பெரியண்ணனும் வந்து எட்டிப் பார்த்தார். பட்டை இல்லை, ஒரு தேங்காய்ச் சில்லுகூட இல்லை. "ம்ம்," என்றார். அதற்கு மேல் மூக்கில் ஒன்றும் வரவில்லை.

ஆத்மநாதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் "என்ன?" என்று முடிக்கிறவர். "ஓடு பரவால்ல, என்ன? தரை பரவால்ல, என்ன?" சுவரைத் தட்டிப் பார்த்தார். பாறைக்கு முன்னால் வந்து நின்றார். தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. "ஏம்மா, மூணு பக்கம் அடிச்சிருக்கீங்க. இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஏன் அடிக்கல, என்ன?"

மருதாயி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் கூரை ஓடுகளை எண்ண ஆரம்பித்தான்.

"எங்க வீட்டுச் சுவரு மூணுதாங்கய்யா. அது மூணுக்கும் அடிச்சுட்டோம். இது மலை. மலை டிபார்ட்மென்ட்டோடது. அதுக்கு நீங்கதான் அடிச்சுத் தரணும்."

ஆத்மநாதன் பாறையை அண்ணாந்து பார்த்தார். எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டியிருக்கும் என்று அவருக்கே மலைப்பாக இருந்திருக்க வேண்டும். நோட்டை எடுத்தார். "குடியிருக்க லாயக்கு," என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினார். முதல் தடவையாக "என்ன?" சேர்க்கவில்லை.

அவர் இறங்கிப் போனதும் மருதாயி சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். முதுகெல்லாம் சுண்ணாம்பு. அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அப்போது வாசலில் குரல் கேட்டது.

"நான் என்ன சொல்றேன்னா, சட்டியில காவி பாதிக்கு மேல மிச்சங் கெடக்கு. வீணாப் போகுதே. கதவு நெலைக்கு மட்டும் ரெண்டு பட்டை..."

மருதாயி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

வெளியே சட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏ புள்ள, உள்ள பாம்பு கீம்பு கெடக்கா?" என்றான்.

"கெடக்கு. அந்தச் சட்டியக் கொட்டி, கழுவிக் கவுத்திட்டு வாங்க. தொறக்குறேன்."