வெண்ணெய் டிரிகர்

1. காதைப் பிடித்துத் தொடங்கிய வேலை

துப்பாக்கி ரிப்பேர் கடையில் என்னை எடுத்ததற்குக் காரணம், எனக்குத் தையல் மெஷின் ரிப்பேர் தெரியும் என்பதுதான். "எங்க இருந்தாலும் ஸ்பிரிங் ஸ்பிரிங்தான்" என்று ஃபோர்மேன் பொன்னையா அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அறுபதுகளின் நடுவில், போர்ட் பிளேரில். தூத்துக்குடிக்காரனான எனக்குக் கப்பலில் எடுத்த வாந்தியின் களைப்புகூட இன்னும் போகவில்லை.

முதல் நாள், மேஜைமேல் கிடந்த துப்பாக்கியை எடுத்து, பேரல் சுத்தமாக இருக்கிறதா என்று அதன் வாயில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் காதைப் பிடித்துத் திருப்பியது.

"எலே, உள்ள என்ன சினிமாவா ஓடுது?"

அண்ணாச்சி, வெடிமருந்து கெட்டிக்கிற கம்பியைப் பேரலுக்குள் விட்டுக் காட்டினார். அது அடிவரை போகாமல் நாலு விரல் வெளியே நின்றது. மருந்து கெட்டித்தபடியே ரிப்பேருக்கு வந்த துப்பாக்கி அது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பழியைக் கப்பல்மேல் போட்டேன்.

2. அரைக்குதிரை

எங்களிடம் வந்தவை எல்லாம் வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கிற ரகம். தீவு இந்தியில் 'பர்மார்'. வயலை மானிடமிருந்து காக்க, இங்கே குடியேறிய செட்லர்கள் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார்கள். துப்பாக்கியின் பக்கவாட்டில் விசை எல்லாம் அடங்கிய பகுதிக்கு லாக் என்று பெயர். உப்புக்காற்றும் மழையும் முதலில் தின்பது அதைத்தான். பழைய லாக்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவதுதான் எங்கள் பிழைப்பு.

லாக்கின் வெளியே தெரிகிற சுத்தியலைக் குதிரை என்போம். அதற்கு இரண்டு நிலை. முழுதாக இழுத்தால் சுடலாம். பாதி இழுத்து நிறுத்தினால் டிரிகரை அழுத்தினாலும் விழக்கூடாது. அது அரைக்குதிரை.

இங்குள்ளவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. குதிரை அடித்தால் பொறி தட்டுகிற 'கேப்' என்ற சின்ன மூடியைக் காலையிலேயே வைத்து, மழை இறங்காமலிருக்க ஓரத்தில் தேன்மெழுகு பூசி, குதிரையை அரைநிலையில் நிறுத்தி, நாள் முழுக்க அப்படியே சுமப்பார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற ஊரில் வேறு வழியில்லை. ஆக அவர்களுடைய உயிர், லாக்குக்குள் டம்ளர் என்ற சின்ன இரும்புத் துண்டில் வெட்டிய பள்ளத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நெல்மணி அளவுகூட இராது அந்தப் பள்ளம்.

3. மக்கன்

அண்ணாச்சி கல்யாணம் ஒன்றுக்காக இரண்டு மாதம் மெயின்லேண்ட் போனார். கடை என் பொறுப்பு. அந்தச் சமயம் பார்த்து, கப்பலில் ஒரு பெட்டிப் புது லாக்குகள் வந்தன.

முதலில் வந்தவர் வண்டூர் கிராமத்து நிதாய் தாதா. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த செட்லர், சிரித்த முகம்; தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். லாக் பிளேட்டில் விளக்குக் கரியைத் தடவி, துப்பாக்கிக் கட்டையின் மரத்தில் பதித்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்டி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அழகாகப் பொருத்தினேன். அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. டிரிகரை ஒரு தடவை இழுத்தார்.

"என்ன மிஸ்திரி, மாட்டை இழுக்கிற மாதிரி இருக்கு?" எங்களுக்குள் பேச்சு இந்தியில்தான்.

ரோஷம் வந்துவிட்டது. லாக்கைத் திரும்பப் பிரித்து, டம்ளரின் பள்ளங்களை எண்ணெய்க் கல்லில் பளபளவென்று தேய்த்து மாட்டினேன்.

அவர் இழுத்தார். முகம் மலர்ந்தது. "மக்கன்!" என்றார். வெண்ணெய்!

தையல் மெஷின் ரிப்பேரில் இப்படி யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. அடுத்து வந்த சிப்பிகாட் ஊர் ராமையாவுக்குக் கேட்காமலேயே வெண்ணெய் வைத்தேன்.

4. கூரையில் ஓட்டை

அண்ணாச்சி திரும்பி வந்த மறுநாள், ராமையா துப்பாக்கியோடு வந்தார்.

"மிஸ்திரி, குதிரை நிக்கவே மாட்டேங்குது. ஆணியில மாட்டினேன், தன்னால விழுந்து வெடிச்சிருச்சு. கூரையில இம்மாம்பெரிய ஓட்டை. பக்கத்து வீட்டுக் கூரையா இருந்தாகூடப் பரவால்ல."

நான் சிரித்தேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. லாக்கைப் பிரித்து, லென்ஸில் பார்த்தார். அரைக்குதிரைப் பள்ளத்தின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தது. அரத்தை வைத்து லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். அரம் கடித்தது. பெட்டியிலிருந்து புது டம்ளர் ஒன்றை எடுத்து அதே மாதிரி இழுத்தார். அரம் வழுக்கியது.

"கல்லுல தேய்ச்சியாலே?"

"லேசா..."

"லேசா! இதுக்கு மேல்தோல் மட்டுந்தாம்ல கடினம். அதை உரிச்சுட்டா உள்ள பச்சை இரும்பு. நாலு வாரம் நிக்கும், அப்புறம் குதிரை தன் இஷ்டத்துக்கு விழும். இன்னும் எத்தனை தேய்ச்ச?"

"ஒண்ணு. வண்டூர்."

"அதைக் கொடுத்து எத்தனை நாளாச்சு?"

"ஆறு வாரம்."

அண்ணாச்சி என் பையில் ஒரு புது லாக்கையும் ஸ்க்ரூ டிரைவரையும் போட்டு, பையை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

5. வரப்பில்

பஸ்ஸில் முழு நேரமும் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். 'ஃப்ரீ சர்வீஸ்' என்பதில் வந்து நின்றேன். நல்ல பொய். ஆளும் சந்தோஷப்படுவார், என் பெயரும் கெடாது.

வண்டூரில் இறங்கி வயல் பக்கம் நடந்தால், எதிரே வரப்பில் இருவர் வருகிறார்கள். முன்னால் அவர் மனைவி, தலையில் கூடையோடு. பின்னால் நிதாய் தாதா. துப்பாக்கியை இடுப்போடு அணைத்திருந்தார். கேப் மெழுகோடு மின்னியது. பேரலின் வாய் அந்த அம்மாள் முதுகுக்கு நேராக.

கத்தினால் திடுக்கிட்டுத் துப்பாக்கியை அசைப்பார். கத்தாவிட்டாலும் வரப்பு வழுக்கும். நின்ற இடத்திலேயே, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் சொன்னேன்: "தாதா, வாயை வானத்துப் பக்கம் திருப்புங்க. அப்படியே நில்லுங்க."

திருப்பினார். "அரே, மக்கன் மிஸ்திரி! வா, வா!"

கிட்டே போனேன். "ஃப்ரீ சர்வீஸ், தாதா. கொடுங்க."

"இப்பவா? கதிர்ல பால் பிடிக்கிற நேரம். ஒரு பக்கத்தை மான் தின்னுட்டுது. பத்து நாள் கழிச்சு வா. டிரிகர் அருமையா இருக்கு, அதுக்கு எதுக்கு சர்வீஸ்?"

பொய் அங்கேயே செத்தது. "அருமையா இருக்கிறதுதான் கோளாறு, தாதா" என்றேன். "நான் தேய்ச்சுக் கெடுத்துட்டேன். இது நிக்காது. சிப்பிகாட்டுல ஒண்ணு தானா வெடிச்சிருச்சு."

அவர் நம்பவில்லை. துப்பாக்கியை வாங்கி, வானத்தைப் பார்க்கப் பிடித்து, கேப்பை நகத்தால் பெயர்த்து எடுத்தேன். குதிரையை அரைநிலையில் நிறுத்தி, கட்டைவிரலால் லேசாகத் தட்டினேன்.

டக்.

அந்த அம்மாள் கூடையை வரப்பில் இறக்கினார். துப்பாக்கியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார், கடைசியில் என்னை.

"ஆறு வாரமா நான் முன்னால நடக்கிறேன்" என்றார்.

நிதாய் தாதாவின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என்னுடையதும்தான்.

அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து லாக்கை மாற்றினேன். ஒரே அச்சு என்பதால் மரத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. நிதாய் தாதா டிரிகரை இழுத்துப் பார்த்து, பழக்கதோஷத்தில், "திரும்பவும் மாடு மாதிரி..." என்று ஆரம்பித்தார்.

"இருக்கட்டும்" என்றார் அவர் மனைவி.

துப்பாக்கியை வாங்கிக் குதிரையை அரைநிலையில் நிறுத்தி, இரண்டு கட்டைவிரலையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். நின்றது. இன்னொரு தடவை அழுத்தினார். நின்றது. மூன்றாவது தடவை என்னைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார்.

திரும்ப வயலுக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்றார். "என்ன, நட" என்றார் நிதாய் தாதா.

"நீ முன்னால போ."

போனார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வேலை நன்றாயிருக்கிறது என்று சொல்கிறவன் விரலால் சோதித்துச் சொல்கிறான். அதே வேலையை யாரோ ஒருவர் தமக்கே தெரியாமல் முதுகால் சோதித்துக்கொண்டிருக்கிறார். அவர் கடைக்கு வருவதில்லை, பாராட்டுவதுமில்லை. லாக் மாட்டும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அதன்பிறகு நான் மாட்டிய டிரிகர் எதையும் யாரும் வெண்ணெய் என்று சொன்னதில்லை. திட்டியவர்கள் ஏராளம்.