அணைக்கக் கூடாத கம்ப்யூட்டர்

அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளை டிசைனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையிலும் தொப்பியிலும் நூலால் போடுகிற முத்திரைகள் இருக்கின்றனவே, அவற்றைத் தையல் தையலாகக் கம்ப்யூட்டரில் வரைந்து எம்பிராய்டரி மெஷினுக்கு அனுப்புவது அவள் வேலை. பதினெட்டு வயதில் பிசிறு நூல் வெட்ட வந்தவள். பிறகு கீழ்த்தளத்தில் மெஷின் முன்னால் பத்தொன்பது வருஷம், நாளைக்குப் பத்து மணி நேரம் நின்றாள். இடது முழங்கால் தேய்ந்தது. மேலே இருந்த டிசைனர் வேலையை விட்டுப் போனபோது அந்த நாற்காலி இவளுக்குக் கிடைத்தது. சாப்பாட்டு நேரத்தில் போய் அவர் கை போகிற போக்கைப் பார்த்துப் பார்த்தே கற்றிருந்தாள். இரக்கப்பட்டு யாரும் கொடுக்கவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினொரு வருஷம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகம் எல்லாக் கம்ப்யூட்டரையும் மாற்றியது. வேலை செய்கிறவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய ஃபைல்களைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் பழைய பெட்டியைச் சாயங்காலமே லாரியில் ஏற்றிவிட்டார்கள். புதியது பளபளவென்று வந்து உட்கார்ந்தது. அவளுடைய பழைய டிசைன் சாஃப்ட்வேரை மட்டும் உள்ளே விட மாட்டேன் என்றது. அது இல்லாமல் அந்த ஃபைல்களில் ஒன்றுகூடத் திறக்காது.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"அக்கா, வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வெளி டிசைன் கம்பெனிக்காரர் வர்றாரு. அதுக்குள்ள இது ஓடலைன்னா வேலைய அவங்ககிட்ட குடுத்துடலாம்னு மேல சொல்லிட்டாங்க."

"அப்ப நான்?"

"நீங்க பழையபடி கீழ மெஷினுக்குத்தான். உங்களுக்குத் தெரியாத மெஷினா?"

மெஷினை அவளுக்குத் தெரியும். முழங்காலுக்கும் தெரியும்.

புதன்கிழமை முழுக்க அவளே முட்டிப் பார்த்தாள். சாஃப்ட்வேர் ஒரு சிடியில் இருந்தது. புதுப் பெட்டியில் சிடி போட வாயே இல்லை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். பள்ளி வேன் ஓட்டுகிற வீட்டுக்காரர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முழங்காலில் வைத்தார்.

"கீழ போகச் சொன்னா போயிடுவியா?"

"நான் போயிடுவேன். கால் வரணுமே. அதுவும் உங்கள மாதிரிதான், கூப்பிட்ட உடனே வராது."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் சிடியை வாங்கிப்போன கம்ப்யூட்டர்காரர் மத்தியானம் திரும்பி வந்தார். வழுக்கைத் தலை, பெரிய குரல். சிடியில் இருந்ததை வேறெங்கோ ஏற்றி, பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார்.

"இதுக்கு ரொம்ப வயசாச்சும்மா."

"எனக்கும்தான் ஆச்சு. அதுக்காக என்னையும் லாரில ஏத்திடுவீங்களாண்ணே?"

"அய்யய்யோ, உங்கள ஏத்த நான் யாரு!"

சாஃப்ட்வேர் ஒருவழியாக ஏறியது. ஆனால் திறக்கவில்லை. அதோடு வந்த சாவி ஒன்று உண்டு. கட்டைவிரல் அளவு பச்சை டப்பி. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் வாயைத் திறக்கும். அந்தச் சாவியைப் புதுக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

"நீ யாருன்னே தெரியாதுங்குது. அத்தாட்சி இல்லாத ஆளை உள்ள விடாதாம்" என்றார். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓடவிட்டார். நீலத்திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதற்குள் போய், இன்னொன்றுக்குள் போய், கடைசியில் ஓர் எண்ணைத் தட்டினார். நான்கு மணிக்கு அவளுடைய பழைய திரை, அதே சாம்பல் நிறத்தில், திறந்தது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அணைச்சா போச்சு. இந்தச் சலுகை அணைக்கிற வரைக்கும்தான்."

அவர் போனதும் 'அணைக்காதே' என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினாள்.

ஆறு மணிக்கு மணி அடித்தது. மணி அடித்தால் அவரவர் மெஷினை அவரவர் அணைக்க வேண்டும். அணைக்காதவர் மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். முப்பது வருஷம் அப்படிப் பழக்கிய கை. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள், கை தானாகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டியது. திரை இருண்டது. தாள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. காலையில் எட்டு மணிக்கு வந்து மறுபடி போட்டாள், அப்போதும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

அவர் கை எங்கெங்கே போனது என்று கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். ஷிஃப்ட்டைப் பிடித்தாள். நீலத்திரை வந்தது. முதல் பட்டியல் சரி. இரண்டாவதில் தப்பாகப் போய்த் திரும்பி வந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி எழுந்திருக்க அஞ்சாறு நிமிஷம் பிடித்தது. கடைசியில் எண் வரிசை. விரல் வலதுபக்கமாகத்தான் போனது, அது தெரியும். ஏழா, எட்டா? எட்டைத் தட்டினாள். சாஃப்ட்வேர் திறக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து. ஏழு.

ஒன்பதே முக்காலுக்குச் சாம்பல் நிறம் வந்தது.

பத்து மணிக்கு மேனேஜரும் வெளி ஆளும் உள்ளே வந்தபோது அவள் ஒரு தொப்பி முத்திரையின் ஓரத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடுதாக்கா?"

"ஓடுது."

வெளி ஆள் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

"சார், ராத்திரி இதை அணைக்காம வச்சிடலாமா?"

"அதெப்படி? வாட்ச்மேன் மெயினையே இறக்கிடுவாரே."

ஆக, அந்தக் கை சும்மா இருந்திருந்தாலும் இதே கதிதான். அவள் தாளைக் கிழித்துக் கசக்கினாள்.

"அப்பன்னா தினமும் அரை மணி நேரம் முன்னாடி கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

"தாராளமா வாங்க, யாரு வேணாம்னா!" என்றார் மேனேஜர். எதற்கு என்று கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஏழரைக்கே வருகிறாள். விளக்குப் போடாத மாடியில், நீலத்திரை எழுந்திருக்கிற வரைக்கும் இடது காலைப் பக்கத்து ஸ்டூலில் நீட்டிக்கொள்கிறாள்.