சகாதேவன் வரிசையில் நின்ற கதை

எங்கள் கடைத்தெருவில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் சகாதேவன், பிறந்ததிலிருந்து எந்த வரிசையிலும் நின்றதில்லை. அதுதான் அவனுடைய ஒரே சாதனை. கேஸ் சிலிண்டரா, டாக்டரிடம் டோக்கனா, கல்யாணப் பந்தியா, எங்கே போனாலும் அவனிடம் பேனர் அடித்த யாராவது முன்னால் இருந்து "அண்ணே, இங்க வாங்க" என்பார்கள். இதற்குப் பெயர் செல்வாக்கு என்று அவன் நம்பினான். நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

இப்பேர்ப்பட்டவனுக்குத் தென்றல்மீது ஆசை வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இங்கே மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். கொஞ்ச காலம் போனில் பேசிவிட்டு, "நேர்ல ஒருதடவை நிதானமா பேசிப் பார்க்கலாம்ங்க, அப்புறம் சொல்றேன்" என்றாள்.

எங்கே பேசுவது? வெள்ளைக்காரர்கள் உட்காரும் காபிக் கடை வாசலில் அவள் மாமா ஆட்டோ போட்டிருக்கிறார். சினிமாவில் பேசினால் பின்சீட்டுக்காரன் திட்டுவான். கிரிவலம் போகலாமென்றால், செருப்பில்லாமல் பாதி தூரம் நடப்பதற்குள் காதல் குதிகாலுக்கு இறங்கிவிடும். மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கோயிலைத் தேர்ந்தெடுத்தான். ஞாயிற்றுக்கிழமை, பொது தரிசன வரிசை. மணிக்கணக்கில் பக்கத்தில் நிற்கலாம், எந்தச் சொந்தக்காரரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அவன் மூளையில் உதித்த ஒரே நல்ல யோசனை.

நின்றார்கள். தென்றல் மெல்ல ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆனாலும் நான் வேலைக்குப் போவேங்க. உங்க வீட்ல என்ன சொல்வாங்க?"

சகாதேவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, கம்பித் தடுப்புகளுக்கு அப்பாலிருந்து, மகள் காதுகுத்துக்கு இவனிடம் பேனர் அடித்த பிரகாஷ் கையை ஆட்டினான். "அண்ணே! இங்க இடம் இருக்கு, வாங்க!"

கேள்வி காற்றில் போனது. சகாதேவன் கம்பிக்குக் கீழே குனிந்துவிட்டான். "வாங்க, சீக்கிரம் வாங்க!" பின்னால் கைக்குழந்தையோடு நின்ற அம்மா அவனை முறைத்தாள். தென்றல் அசையவில்லை. "நீங்க போங்க" என்றாள். போய்விட்டான். அங்கிருந்து அவளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். சற்று நேரத்தில் சாமியைப் பார்த்து, நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்து நின்றான்.

தென்றல் வெளியே வர வெகுநேரமானது. அந்தக் குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தாயிடம் கொடுத்துவிட்டு இவனிடம் வந்தாள்.

"நேரத்தை வீணாக்கிட்டீங்களே" என்றான் இவன்.

"திரும்பி வந்துடுவீங்கனு பார்த்துக்கிட்டே நின்னேங்க" என்றாள்.

"திரும்பி வந்தா அந்த இடம் போயிடுமே!"

இதை என்னிடம் சொல்லும்போதும் நியாயம் தன் பக்கம் என்றே சொன்னான், மடையன்.

பஸ் ஸ்டாண்டு வரை அவள் பின்னாலேயே போனான். கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றதும் கூட்டத்தை இடித்துத் தள்ளி ஓடி, ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு அவளுக்கு சீட் பிடித்தான். தென்றல் எல்லோரும் ஏறியபிறகு ஏறினாள். கைக்குட்டையை எடுத்து ஜன்னல் வழியாக அவன் கையிலேயே கொடுத்தாள். ஊர்வரை நின்றுகொண்டே போனாள்.