கங்கை உள்ளே, அப்பா வெளியே

எங்கள் அப்பாவுக்கு இரண்டே பயம். ஒன்று சர்க்கரை வியாதி, இன்னொன்று காரின் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்துபோவது. முதல் பயத்துக்காக அவர் எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் ரசகுல்லாவை வேண்டாம் என்று சொன்னவர் இல்லை. இரண்டாவது பயத்துக்காக எங்கள் எல்லோர் பிராணனையும் வாங்கினார்.

காரணம் இல்லாமல் இல்லை. செகண்ட் ஹாண்டில் கார் வாங்கின புதிதில், லேக் கார்டன்ஸில் அடுத்தடுத்து இருந்த இரண்டு தமிழ்க் குடும்பங்கள், பெரிசு சிறிசு ஒருத்தர் பாக்கியில்லாமல், அந்த ஒரே வண்டியில் டயமண்ட் ஹார்பருக்குப் பிக்னிக் கிளம்பினோம். இட்லி அடுக்கு, ஜமக்காளம், வாட்டர் கூஜா, ஹார்மோனியம் எல்லாம் டிக்கியில். பாதி வழியில் ஒரு பள்ளத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டி பின்பக்கமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது. வயல் நடுவே இட்லியைத் தின்றுவிட்டு, வைக்கோல் லாரியில் ஊர் திரும்பினோம். எனக்கு அது அருமையான பிக்னிக். அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவர் காரோடு வந்த சின்னப் புத்தகத்தை வேதம் மாதிரி படிக்க ஆரம்பித்தார். பழைய பேப்பர்காரரிடமிருந்து ஒரு கொக்கித் தராசு வாங்கினார். கனமான சாமான் அடியில், சீட்டை ஒட்டி. லேசானது மேலே. டிக்கியில் கனம் ஏறிவிட்டால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பின் கண்ணாடி ஓரம் ஒரு செம்புகூட வைக்கக் கூடாது, பிரேக் போட்டால் வண்டி நிற்கும், செம்பு நிற்காது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குத் தூக்கத்தில்கூட ஒப்பிக்க வரும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா அவர்கள் முகத்தைப் பார்ப்பாள், அப்பா சுற்றளவைப் பார்ப்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் காலேஜில் சேர்ந்திருந்த சமயம், அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. பிள்ளை வீட்டார் மெட்ராஸ்காரர்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் சாயங்காலம் ஹவுராவிலிருந்து மெயிலில் எல்லோரும் கிளம்ப வேண்டும், அக்காவும் அவர்களோடு.

அக்கா முகூர்த்தத்தில் அழவில்லை, அப்பா மடியில் உட்காரவைத்துத் தாரை வார்த்தபோதும் அழவில்லை. காலையில் நான் அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள், "ஸ்டேஷன்லதான் அழப்போறேன். அப்பாதான் என்னை ரயில்ல ஏத்தி உட்கார வைக்கணும். வரேன்னு சொல்லியிருக்கா." அவளுக்கு அப்பா என்றால் உயிர். மெட்ராஸ் என்ன பக்கத்திலா இருக்கிறது? மறுபடி எப்போது பார்ப்பாளோ தெரியாது. அதனால் நானும் சரி என்று என் அழுகையை ஸ்டேஷனுக்கு ஒத்திப்போட்டேன்.

மத்தியானமே அப்பா வாசலில் தராசோடு நின்றுவிட்டார். சீர் வெண்கலப் பானையும் குத்துவிளக்கும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் தொங்கின. புடவைப் பெட்டி தொங்கியது. பிள்ளை வீட்டார் அத்தனை பேருக்கும் இரண்டு நாள் வழிக்கு வேண்டிய கட்டுச்சாதக் கூடை, புளியோதரை எண்ணெய் சொட்டச் சொட்டத் தொங்கியது. அம்மாவுக்கு மானம் போயிற்று.

"ஏன்னா, சம்பந்தி வீட்டுச் சீரைத் தராசுல தொங்க விடறேளே, பாக்கறவா என்ன நெனச்சுப்பா?"

அப்பா வாய்க்குள் எடையைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை வீட்டார் டாக்சிகளில் முன்னால் போய்விடுவது என்று ஏற்பாடு. எங்கள் காரில் முன் சீட்டில் ஓட்டுகிற அண்ணா, மாப்பிள்ளை, அப்பா. பின்னால் அக்கா, அம்மா, நான். அந்தக் காலத்துக் காருக்கு முன் சீட்டும் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். நான் அப்போது ஈர்க்குச்சி. என்னை அப்பா ஆள் கணக்கில் சேர்க்கவேயில்லை, சாமான் கணக்கில் சேர்த்திருந்தார். எல்லாம் கச்சிதமாக, ஒரு தேங்காய்கூட மேற்கொண்டு ஏற்ற இடமில்லாமல், கணக்கு முடிந்தது.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அத்தை கையில் விசிறியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். முன் டாக்சியில் ஏறியவர்கள் அவர் பின் டாக்சியில் இருப்பதாகவும், பின் டாக்சியில் ஏறியவர்கள் முன்னால் போய்விட்டதாகவும் நினைத்துக் கிளம்பிவிட்டார்கள். நல்ல ஆகிருதியான மாமி. அவர் வெறுங்கையோடு வந்தாலாவது பரவாயில்லை. பின்னாலேயே இரண்டு பித்தளைக் குடங்கள் வந்தன, வாயில் துணி கட்டி, கழுத்துவரை கங்கை ஜலம். விடியற்காலையில் பாபு காட் படித்துறைக்குப் போய் ஸ்நானம் செய்து, ஸங்கல்பம் செய்து, நிரப்பிக்கொண்டு வந்தது. மெட்ராஸில் தெருவுக்கே கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம்.

அண்ணா டாக்சி தேடி மெயின் ரோடுவரை ஓடிப்போய்விட்டு வெறுங்கையோடு வந்தான். அப்பா குடத்தைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பின் சக்கரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஹவுரா ஸ்டேஷன் வாசலிலேயும் இதே கங்கைதானே மாமி ஓடுகிறது, இதை இங்கே கொட்டிவிட்டு அங்கே பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமி கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார், "கொழந்தை, இது மந்திரம் சொல்லி எடுத்த ஜலம். கொட்டலாமோ?"

நான் இறங்கிக்கொள்கிறேன் என்றேன். நீ இறங்கி என்ன ஆகப்போகிறது, ஒரு குடத்துக்குக்கூடக் காண மாட்டாய் என்றார் அப்பா. சீரை இறக்கினால் அக்காவுக்குப் போகிற இடத்தில் பேச்சு. கட்டுச்சாதத்தை இறக்கினால் பிள்ளை வீட்டார் ஒரிஸ்ஸா தாண்டும்வரை பட்டினி. மாப்பிள்ளையை இறக்க முடியுமா? பெண்ணைப் பெற்றவளைத்தான் இறக்க முடியுமா? மாமிக்கும் கங்கைக்கும் ஈடாகிற கனம் அந்த வண்டியில் ஒன்றுதான் இருந்தது.

அப்பா மாமியைப் பின்னால் ஏற்றி, அதற்கு ஈடாக டிக்கியிலிருந்த வெண்கலப் பானையை முன் சீட்டில் தன் இடத்துக்கு மாற்றினார். குடங்களைக் கனம் கீழே இருக்க வேண்டும் என்று எங்கள் கால்மாட்டில் வைத்தார். பிறகு வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்.

"டேய், பாலத்து ஏத்தத்துல செகண்ட் கியர்லயே போ. நான் பஸ் பிடிச்சு வந்துடறேன்."

"அப்பா, நீ வரேன்னு சொன்னியே," என்றாள் அக்கா.

"வருவேன்டி," என்றார் அப்பா, அவளைப் பார்க்காமல், டயரைப் பார்த்து.

வண்டி கிளம்பிற்று. எனக்கு வந்த கோபத்தில் மாமியை அப்படியே கொக்கியில் மாட்டலாமா என்றிருந்தது. அதோடு கங்கையின் மேல் கால் படக்கூடாது இல்லையா? அதனால் பின் சீட்டில் நாங்கள் நாலு பேரும் காலை மடக்கிச் சம்மணம் போட்டு, பஜனைக் கோஷ்டி மாதிரி உட்கார்ந்து போனோம். மெட்ரோவுக்காக அப்போது ஊரையே தோண்டிப் போட்டிருந்தார்கள். சௌரங்கியில் ஊர்ந்தோம், பாலத்துக்கு முன்னால் நின்றேவிட்டோம். தள்ளுவண்டி, டிராம், மூட்டைக்காரர், நாங்கள். அக்கா பின் கண்ணாடி வழியாக ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கீழே ஆற்றில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகிற லாஞ்சுகள் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தன. ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நாங்களே இப்படி என்றால் பஸ்ஸில் வருகிறவர் எங்கே வந்து சேர்வார்?

ஹவுராவில் கூலி குடத்தைத் தூக்கியபோது அது லேசாக எழும்பிற்று. வழியெல்லாம் தளும்பித் தளும்பிப் பாதி ஜலம் கார் தரையில். மாமி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு துணியை அவிழ்த்து, பிளாட்பாரக் குழாயடியில் குடத்தை வைக்கச் சொல்லி, நிரப்பிக்கொண்டார். "கங்கையோட எந்த ஜலம் சேந்தாலும் கங்கைதான்டி," என்று எனக்கு விளக்கம் வேறு. இந்தக் குழாய்த் தண்ணீருக்கா எங்கள் அப்பாவை இறக்கிவிட்டோம்! நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணா என்னை இழுத்துக்கொண்டு ஓடினான்.

ரயில் பெட்டிக்குள் அக்காவின் சீட்டில் துண்டை விரித்துப்போட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

பஸ் பார்க் ஸ்ட்ரீட் பக்கம் நின்றுவிட்டதாம். இறங்கி, மைதானத்தைக் குறுக்கே கடந்து, படித்துறையில் லாஞ்சு பிடித்து வந்துவிட்டார். வேட்டி விளிம்பெல்லாம் சேறு. முதல் லாஞ்சில் ஆள் அதிகமாக இருந்ததால் அதை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினாராம். அந்த அவசரத்திலும்! அக்கா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது எப்போது அழுகையாயிற்று என்று தெரியவில்லை. அப்பா அவளைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்தார். பெட்டியைச் சீட்டுக்கடியில் தள்ளினார், மறுபடி இழுத்தார், மறுபடி தள்ளினார். விசில் ஊதியதும் மாப்பிள்ளைதான் மெதுவாக அவர் தோளைத் தொட்டு இறக்கிவிட வேண்டியிருந்தது.

திரும்பும்போது அம்மா முன் சீட்டில், நானும் அப்பாவும் பின்னால். டிக்கி காலி, கால்மாட்டில் ஈரம் மட்டும். பாலத்தை விட்டு இறங்கி டிராம் தண்டவாளத்தில் ஏறியபோது வண்டி எங்கள் எல்லோரையும் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. அண்ணா பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவாப் போடா," என்றார் அப்பா, வெளியே பார்த்துக்கொண்டே. "காலி வண்டிதான் ஜாஸ்தி தூக்கிப் போடும்."

அந்தக் காலி வண்டியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம்.